"மொழிபெயர்க்கவா?" என்று கேட்டு உயிரை எடுக்கும் பிரவுசரை அடக்குவது எப்படி

கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண்மணி கேட்டது: "மாமனார் புதுச்சேரியில் இருக்கிறார், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிறவர். லேப்டாப் குரோமில் எந்தப் பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்தாலும் மொழிபெயர்க்கவா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். போன வாரம் எதையோ தட்டிவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் பிரெஞ்சுப் பக்கமும் தானாகவே தமிழாகிவிடுகிறது. அந்தத் தமிழ் அவருக்குப் புரியவில்லை. என் போனிலோ தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஆங்கிலமாக்கவா என்கிறது. இந்த மொழிபெயர்ப்பையே ஒரேயடியாக ஒழிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஒரே ஒரு பட்டனை அணைத்தால் போதும், அது எங்கே என்று கீழே சொல்கிறேன். ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். மாமனாருக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியும். நாளைக்கே ஜெர்மன் மொழியில் ஒரு மருந்துச் சீட்டு வந்தால் அவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். எனவே "மொழிபெயர்க்காதே" என்று சொல்வதைவிட "இந்த மொழியெல்லாம் எனக்குத் தெரியும், இதற்கு மட்டும் கேட்காதே" என்று சொல்லி வைப்பதுதான் நல்லது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து பிரெஞ்சு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வரும் பென்ஷன்காரர்களுக்கு, இங்கே சொல்தா என்போமே அவர்களுக்கு, நான் செய்து தருவது இதைத்தான்.

முதலில் அந்தத் தானாக மாறும் கோளாறு. மாமனார் தட்டியது "ஆல்வேஸ் ட்ரான்ஸ்லேட் ஃபிரெஞ்ச்" என்ற டிக்காக இருக்க வேண்டும். அதை எடுத்துவிடலாம். தமிழாகிப்போன ஒரு பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே முகவரி அடிக்கும் பட்டையின் வலது ஓரத்தில் மொழிபெயர்ப்புக்கான சின்னப் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் ஒரு குட்டிப் பெட்டி விரியும், அதில் இரண்டு மொழிப் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிரெஞ்சு என்பதைத் தட்டினால் பக்கம் மூல மொழிக்குத் திரும்பிவிடும். பலர் அத்தோடு மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கம் மறுபடியும் தமிழில் வந்து நிற்கும், எனக்கு மறுபடியும் போன் வரும். மூடாமல் அதே பெட்டியில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டுங்கள். அங்கே "ஆல்வேஸ்" என்பதற்கு முன்னால் டிக் இருக்கும். அதன்மேல் ஒருமுறை தட்டினால் டிக் போய்விடும். அப்புறம் அதே இடத்தில் "நெவர் ட்ரான்ஸ்லேட் ஃபிரெஞ்ச்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தானாக மாறுவதும் நின்றது, கேட்பதும் நின்றது.

அந்தப் படமே கண்ணில் படவில்லையா? வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், அதில் லாங்க்வேஜஸ். மெனுவில் தேடி அலைய வேண்டாம் என்றால் செட்டிங்ஸ் பக்கத்தின் உச்சியில் உள்ள தேடல் கட்டத்தில் ட்ரான்ஸ்லேட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கூகுள் ட்ரான்ஸ்லேட் என்ற தலைப்பின் கீழே எல்லாம் இருக்கும்: எந்த மொழிக்கு மாற்றுவது, எந்த மொழிகளைத் தானாக மாற்றுவது, எந்த மொழிகளுக்குக் கேட்கவே கூடாது. நடுவில் உள்ள பட்டியலில் பிரெஞ்சு இருந்தால் நீக்கிவிட்டு, கடைசிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தலைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச் இருக்கிறதே, நீங்கள் கேட்ட "ஒரேயடியாக" அதுதான். அதை அணைத்தால் எந்த மொழிக்கும் பெட்டி வராது. குரோமைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தமிழில் தெரியும், இடம் மாறாது.

பிரெஞ்சுக்கு "நெவர்" போட்ட பிறகும் என்றைக்காவது ஒரு பிரெஞ்சுப் பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டி வந்தால் கவலை இல்லை. பக்கத்தின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் மொழிபெயர்க்கும் வசதி அங்கே இருக்கும். கூப்பிட்டால் வரும், கூப்பிடாவிட்டால் வராது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஊர் இது. கூப்பிடாமலே நடுவில் புகுந்து பேசுகிற துபாஷி ஒரு வாரம் தாக்குப்பிடித்திருப்பாரா?

இனி உங்கள் போன். ஆண்ட்ராய்டு குரோமில் அந்தப் பெட்டி திரையின் கீழே ஒரு பட்டையாக வரும். அதன் ஓரத்தில் உள்ள மெனுவைத் தட்டி "தமிழ்ப் பக்கங்களை ஒருபோதும் மொழிபெயர்க்காதே" என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பக்கத்திலேயே "இந்தத் தளத்தை மட்டும் மொழிபெயர்க்காதே" என்பதும் இருக்கும். அவசரத்தில் பலர் அதைத் தட்டிவிட்டு, இந்தச் செய்தித் தளத்தில் நின்றது, அந்தச் செய்தித் தளத்தில் நிற்கவில்லையே என்பார்கள். மொழிக்குப் போடுவது வேறு, தளத்துக்குப் போடுவது வேறு.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து தமிழ் படிக்கிற உங்களிடம் ஏன் கேட்கிறது என்றால், போனின் மொழி ஆங்கிலமாக இருக்கும். பிரவுசருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் இந்த அம்மாவுக்கு அந்நிய மொழி என்று அது முடிவு கட்டிவிடுகிறது. ஒரு ஆளுக்கு ஒரு மொழி என்ற கணக்கு அது. தெருப் பலகையே பிரெஞ்சிலும் தமிழிலும் இருக்கிற எங்கள் ஊருக்கும் சரி, வீட்டில் தமிழ், ஆபீஸில் ஆங்கிலம் என்று இருக்கிற உங்களுக்கும் சரி, அந்தக் கணக்கு ஒத்துவராது.

இதே லாங்க்வேஜஸ் பக்கத்தில் "விருப்ப மொழிகள்" என்று இன்னொரு பட்டியல் இருக்கும். அதில் தமிழைச் சேர்ப்பதும் நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. நீங்கள் திறக்கிற தளங்களுக்குப் பிரவுசர் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் உள்ள மொழியையாவது சொல்லி அனுப்பும். பல மொழியில் இயங்கும் தளங்கள் அதைப் பார்த்துத்தான் எந்த மொழியில் முகம் காட்டுவது என்று முடிவு செய்கின்றன. மாமனாரின் லேப்டாப்பில் பிரெஞ்சை முதலிடத்தில் வைத்தால் சில தளங்கள் பிரெஞ்சிலேயே திறக்கும். அவருக்கு அது பிடிக்கும். பேரப்பிள்ளை அதே லேப்டாப்பில் ரயில் டிக்கெட் போட வந்தால் முழிப்பான். அதற்கு வழி தனித்தனி புரொஃபைல். மேலே வலது ஓரத்தில் உள்ள வட்டப் படத்தைத் தட்டி மாமனாருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள். மொழி அமைப்புகள் புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனி.

சில சமயம் பிரவுசர் மொழியையே தப்பாகக் கண்டுபிடித்துவிடும். தமிழ் எழுத்தில் உள்ள பக்கத்தைக் கண்டுபிடிப்பது அதற்குச் சுலபம், எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் "enna" என்பதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறோமே, அங்கேதான் தடுமாறும். குரோம் எழுத்துகள் எந்தெந்தச் சேர்க்கையில் எத்தனை முறை வருகின்றன என்று பார்த்துத்தான் மொழியை ஊகிக்கிறது. நம் தங்கிலீஷைப் பார்த்துவிட்டு எங்கோ இருக்கிற ஒரு மொழியின் பெயரைச் சொல்லி, அதிலிருந்து மாற்றவா என்று கேட்கும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு வருவதற்கு முன்பு தனித்தனி எழுத்துருவில் ஏற்றிய பழைய தமிழ்ப் பக்கங்களும் அப்படித்தான். நம் கண்ணுக்கு எழுத்துரு மாட்டிவிட்டால் தமிழ், பிரவுசரின் கண்ணுக்கு ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. இந்த மாதிரி இடத்தில் மொழிக்குத் தடை போட்டுப் பயனில்லை, அடுத்த பக்கத்தில் வேறொரு மொழியின் பெயரைச் சொல்லும். அங்கே தளத்துக்குப் போடுகிற தடைதான் சரி.

இதைப் பெட்டித் தொல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்பும்போது மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தால் காரியமே கெடும். இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர், பேரனை வைத்து வீட்டிலேயே ஒரு பிரெஞ்சு விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பி அனுப்பிவிட்டார். பிழை என்று திரும்பி வந்தது. லேப்டாப்போடு என்னிடம் வந்தார்.

"தம்பி, என் பேரை எத்தனை தடவைதான் கேக்கும் இது?" என்றார்.

திரையைப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேலே பெயர் என்று இருந்தது. அடுத்த கட்டத்துக்கு மேலேயும் பெயர் என்று இருந்தது. அவர் இரண்டிலும் தன் பெயரையே போட்டிருந்தார். பேரன் மேல் தப்பில்லை, அவன் திரையில் தெரிந்த தமிழைப் படித்திருக்கிறான். மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டதும் முதல் கட்டத்தில் "நோம்" என்றும் இரண்டாவதில் "ப்ரெனோம்" என்றும் வந்தது.

"ஓ, நோம், ப்ரெனோம்! இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

நோம் என்பது குடும்பப் பெயர். ப்ரெனோம் என்பது ஆளின் பெயர். மற்ற ஊரில் இது சின்ன விஷயமாக இருக்கலாம், புதுச்சேரியில் இல்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறிய குடும்பங்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து வைத்துக்கொண்டன. ரெனோன்சான் என்று சொல்வார்கள். அந்தப் பெரியவரின் குடும்பம் அப்படிப்பட்டது. அவருடைய பதிவேடுகள் எல்லாம் அந்தக் குடும்பப் பெயரில்தான் கிடக்கின்றன. அந்தக் கட்டத்தில் தப்பான பெயர் விழுந்தால் ஆளே வேறாகிவிடுவார். பிரான்சுக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம் நாந்த் நகரத்தில் இருக்கிறது. அங்கே நகல் கேட்டு எழுதியவர்களுக்கு நான் சொல்வது புரியும், ஒரு எழுத்து மாறினாலே எத்தனை மாதம் இழுக்கும் என்று.

பெயர் குழப்பம் ஒன்று. இன்னொன்று, பக்கமே உறைந்துபோவது. மொழிபெயர்க்கும்போது பிரவுசர் பக்கத்தில் உள்ள சொற்களைப் பிடுங்கிவிட்டு, புதுச் சொற்களைத் தன்னுடைய உறையில் போட்டு அதே இடத்தில் செருகுகிறது. இன்றைய விண்ணப்பப் பக்கங்கள் பல, தாங்கள் வைத்த சொல் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடுகிறவை. வைத்தது காணவில்லை என்றால் நிரல் திக்குமுக்காடிப் போகும். "அடுத்து" பட்டனைத் தட்டினால் அசையாது, சில நேரம் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிடும். நெட் சரியில்லை என்று மோடத்தை அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். அரசாங்கத் தளமோ வங்கியோ பள்ளி அட்மிஷனோ, பட்டன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் மொழிபெயர்ப்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, அந்தரங்கம். பக்கம் எந்த மொழி என்று கண்டுபிடிப்பதைக் குரோம் உங்கள் கணினியிலேயே செய்துகொள்கிறது. மொழிபெயர்க்கச் சொன்னதும் பக்கத்தில் உள்ள எழுத்தெல்லாம் கூகுளுக்குப் போய், அங்கே மாறித் திரும்பி வருகிறது. "ஆல்வேஸ்" டிக் இருந்தால் ஒவ்வொரு பிரெஞ்சுப் பக்கமும் கேட்காமலே போகும். மாமனாரின் பென்ஷன் தொகை தெரிகிற பக்கமும் அதில் அடக்கம். அதனால்தான் எந்தப் பெரியவரின் லேப்டாப் கைக்கு வந்தாலும் நான் முதலில் அந்த டிக்கைத் தேடுகிறேன்.

மற்ற பிரவுசர்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எட்ஜில் செட்டிங்ஸ், லாங்க்வேஜஸ் போனால் "நான் படிக்காத மொழியில் உள்ள பக்கங்களை மொழிபெயர்க்க முன்வா" என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அணைத்தால் மொத்தமும் நிற்கும், பிரெஞ்சுக்கு மட்டும் என்றால் குரோமில் செய்தது போலவே பெட்டியில் "நெவர்" கொடுக்கலாம். பிரேவும் குரோமின் வழிவந்ததுதான், லாங்க்வேஜஸ் பக்கத்தில் பிரேவ் ட்ரான்ஸ்லேட் என்று இருக்கும்.

ஃபயர்பாக்ஸ் கொஞ்சம் வேறு ஜாதி. 2023 செப்டம்பரில் வந்த 118ஆம் பதிப்பிலிருந்து முழுப் பக்க மொழிபெயர்ப்பு அதில் உண்டு. அது கணினிக்குள்ளேயே நடக்கிறது, பக்கத்தின் எழுத்து வெளியே போவதில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் போன்ற சில ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும் மொசில்லாவும் சேர்ந்து பெர்கமோட் என்ற பெயரில் செய்த வேலை அது. பென்ஷன், பதிவுப் பக்கங்களை மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் திறப்பேன். இதிலும் பெட்டி வரும். பெட்டியின் மூலையில் பல்சக்கரம் இருக்கும், அதைத் தட்டினால் "ஆல்வேஸ் ஆஃபர் டு ட்ரான்ஸ்லேட்" என்பதன் டிக்கை எடுத்துவிடலாம். பெட்டி குதிக்காது, முகவரிப் பட்டையில் உள்ள படம் மட்டும் அமைதியாக இருக்கும். பிரெஞ்சுக்கு மட்டும், தளத்துக்கு மட்டும் என்ற தெரிவுகளும் அங்கேயே உண்டு. அந்தப் படம்கூடக் கண்ணில் படக்கூடாது என்பவர்கள் முகவரியில் அபவுட் கோலன் கன்ஃபிக் என்று அடித்து, பிரவுசர் புள்ளி ட்ரான்ஸ்லேஷன்ஸ் புள்ளி எனேபிள் என்ற வரியைத் தேடி ஃபால்ஸ் ஆக்கிவிடலாம். அந்தப் பக்கத்தில் வேறெதையும் தொடாதீர்கள். ஐபோன் சஃபாரி இப்படிக் குதித்துக் குதித்துக் கேட்பதில்லை, அதனால் அதைப் பற்றி என்னிடம் புகாரும் வந்ததில்லை.

இவ்வளவும் செய்த பிறகு "இன்னும் மொழிமாறி வருகிறதே" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பிரவுசரின் வேலையாக இருக்காது. கூகுளில் தேடும்போது சில முடிவுகளைக் கூகுளே தமிழாக்கிக் காட்டும். அதைத் தட்டினால் உள்ளே முகவரியில் தளத்தின் பெயரோடு ட்ரான்ஸ்லேட் என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தின் மேலேயே மூலத்தைக் காட்டச் சொல்லும் வழி இருக்கும். பேஸ்புக்கில் பதிவுகள் மொழிமாறி வருவது அதன் சொந்த வேலை. அங்கே செட்டிங்ஸில் மொழி என்ற பகுதியில், எந்த மொழிகளைத் தானாக மாற்றக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். சில அலுவலகத் தளங்களின் உச்சியில் "செலக்ட் லாங்க்வேஜ்" என்று ஒரு கீழ்விரி மெனு இருக்கும், அதுவும் தளத்துக்காரர் வைத்தது. கடைசியாக எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டவைக்கிற குட்டி நிரல். யாரோ எப்போதோ ஒரு மொழிபெயர்ப்பு எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிரவுசர் செட்டிங்ஸில் என்ன செய்தாலும் அது அடங்காது, எடுத்து வீச வேண்டியதுதான்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் கடைக்கோ பள்ளிக்கோ தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தின் எச்டிஎம்எல் தலைவரியில் லேங் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வாங்கிய டெம்ப்ளேட்டில் ஆங்கிலத்துக்கான இ, என் என்ற இரண்டு எழுத்து அப்படியே கிடக்கும். உள்ளே முழுக்கத் தமிழ், வாசலில் ஆங்கிலம் என்று பலகை. அதை டி, ஏ என்று மாற்றுங்கள். ஆள் பெயர், தெருப் பெயர், முகவரி மாதிரி மொழிபெயர்க்கவே கூடாத இடங்களுக்கு ட்ரான்ஸ்லேட் என்ற பண்பை நோ என்று வைக்கலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தப் பெயரைத் துண்டு துண்டாக வெட்டி, புலியைத் தனியாகப் பிடித்துக் காட்டுகிற மொழிபெயர்ப்பை நான் பார்த்திருக்கிறேன்.

மாமனாரின் லேப்டாப்பில் எல்லாம் மாற்றி முடித்ததும் குரோமை மூடித் திறந்து, அவர் வழக்கமாகப் பார்க்கும் பிரெஞ்சுப் பக்கம் இரண்டையாவது அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். பெட்டி வராமல் பிரெஞ்சு பிரெஞ்சாகவே நின்றால் வேலை முடிந்தது. மறுபடியும் தட்டிவிடுவாரோ என்ற பயம் இருந்தால், அந்த மூன்று புள்ளி எங்கே இருக்கிறது, டிக்கை எப்படி எடுப்பது என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் என் ஆட்களுக்கு அதைப் பிரெஞ்சில்தான் எழுதிக் கொடுக்கிறேன்.